காருக்கு பெயின்ட் சீலன்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் வாளியும் துணியுமாக நிற்பேன். பால் வாங்கப் போகிறவர்கள் நின்று கேட்ட கேள்விகள்தான் இவை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். நான் கடைக்காரன் இல்லை. கறுப்பு நிற ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கித் தொலைத்தவன், அவ்வளவுதான்.

சீலன்ட் என்றால் என்ன? வாக்ஸும் அதுவும் ஒன்றா?

வேலை ஒன்றுதான், பொருள் வேறு. வாக்ஸில் முக்கியமானது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படியும் மெழுகு அது. சீலன்ட் ஆலையில் செய்த பாலிமர், பெரும்பாலும் சிலிகோன் வகை. இரண்டுமே பெயின்ட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன. மழை, தூசி, எச்சம், வெயில் எல்லாம் முதலில் அந்தப் படலத்தைத்தான் தொடும். பெயின்ட்டுக்குப் பதிலாகத் தான் தேய்ந்து போவதுதான் அதன் பிறவிப்பயன்.

வாக்ஸின் பளபளப்பில் ஒரு ஈரப்பதமான ஆழம் இருக்கும், குறிப்பாக அடர்நிறக் கார்களில். ஆனால் கார்னோபா 82 முதல் 86 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். மே மாத மதியத்தில் வெளியே நிற்கும் காரின் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், புரியும். அந்தச் சூட்டில் வாக்ஸ் சில வாரங்களில் ஓய்ந்துவிடுகிறது. சீலன்ட் சில மாதங்கள் தாங்குகிறது. நம் ஊருக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

புதுக் காருக்கு எதற்கு? கம்பெனி பெயின்ட் நன்றாகத்தானே இருக்கிறது?

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மெல்லியது. இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். நீங்கள் பார்க்கும் பளபளப்பு முழுவதும் இந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியைவிட மெலிது. தேய்ந்தால் திரும்ப வளராது. அதற்கு மேலே தேய்ந்து போவதற்கென்று ஒன்றைப் பூசி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

தொழிற்சாலையில் பெயின்ட்டைச் சுமார் 140 டிகிரியில் சுட்டு இறுக்குகிறார்கள். அதனால் ஷோரூமிலிருந்து வந்த அன்றே சீலன்ட் போடலாம். பட்டறையில் டிங்கரிங் செய்து புதிதாக பெயின்ட் அடித்த கதவுக்கோ பம்பருக்கோ அப்படி இல்லை. அந்த பெயின்ட்டுக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேற நாள் பிடிக்கும். ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை விடச் சொல்வார்கள். அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

டெலிவரி எடுக்கும்போது ஷோரூமில் ‘பெயின்ட் புரொடெக்‌ஷன்’ போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

நான் ஒத்துக்கொண்டேன். சாவி கைக்கு வரும் சந்தோஷத்தில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுகிற மனநிலை ஒன்று உண்டே, அதில் இருந்தேன். பல ஆயிரம் கொடுத்தேன். கதவோரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார்கள். இரண்டாவது மாதம் மழை பெய்தபோது, தண்ணீர் பூச்சே இல்லாத கார்மேல் கிடப்பது போலத் தட்டையாகக் கிடந்தது. என்ன பூசினார்கள், எப்போது பூசினார்கள், பூசினார்களா என்பது அந்த ஸ்டிக்கருக்கே வெளிச்சம்.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லவில்லை. மூன்று கேள்வி கேளுங்கள்: பொருளின் பெயர் என்ன, பாட்டிலைக் காட்ட முடியுமா, பூசுவதற்கு முன் காரை என்ன செய்வீர்கள். மூன்றாவதற்கு ‘வாட்டர் வாஷ் பண்ணுவோம் சார்’ என்பது மட்டுமே பதில் என்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

‘டெஃப்லான் கோட்டிங்’ என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் உஷார். தோசைக்கல்லில் டெஃப்லான் ஒட்டுவது அதை 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி இறுக்குவதால். உங்கள் காரை அந்தச் சூட்டில் வைத்தால் பெயின்ட்டே மிஞ்சாது. பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சாதாரண சீலன்ட்தான். அது கெட்ட பொருள் இல்லை, பெயருக்குத்தான் கூடுதல் காசு.

அப்போ செராமிக் போட்டுவிட்டால் என்ன? கிராஃபீன் என்கிறார்களே?

செராமிக் சிலிக்கா சார்ந்த பூச்சு. சீலன்ட்டைவிட உறுதியாக ஒட்டும், வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் போடுவதற்கு முன் பெயின்ட்டில் உள்ள கோடுகளையெல்லாம் பாலிஷ் செய்து நீக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியது போல ஆகிவிடும். தவறாகப் போட்டால் எடுப்பதும் கஷ்டம், மறுபடி தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சீலன்ட்டில் தவறு செய்தால் அடுத்த ஞாயிறு திருத்திக்கொள்ளலாம்.

‘9எச் கடினம்’ என்று விளம்பரத்தில் வருவது பென்சில் சோதனையின் அளவு. 9எச் பென்சிலால் கீறினால் கோடு விழவில்லை என்று பொருள். லாரி டயரில் இருந்து தெறிக்கும் ஜல்லி பென்சில் இல்லை. கல்லடியிலிருந்து காப்பது பிபிஎஃப் என்கிற தடிமனான பிளாஸ்டிக் படலம் மட்டுமே. கிராஃபீன் என்று விற்பது பெரும்பாலும் செராமிக்கில் அந்தப் பெயரைச் சேர்த்தது.

எந்த சீலன்ட் வாங்குவது?

மூன்று வடிவத்தில் கிடைக்கிறது. பால்போன்ற திரவம், டப்பாவில் வரும் பேஸ்ட், ஸ்பிரே. முதல்முறை போடுகிறவருக்குத் திரவம்தான் என் பரிந்துரை. பரவுவது கண்ணுக்குத் தெரியும், நிதானமாக வேலை செய்யலாம். ஸ்பிரே சுலபம், ஆனால் குறைவான நாளே நிற்கும். திரவத்தைப் போட்டுவிட்டு, மாதம் ஒருமுறை கழுவியதும் ஸ்பிரேவால் ஒரு தடவு தடவிக்கொள்வதுதான் நான் செய்வது.

பிராண்டைவிட லேபிளை முக்கியமாகப் படியுங்கள். 3எம், மெக்குவயர்ஸ், டர்டில் வாக்ஸ் எல்லாம் இங்கே கிடைக்கின்றன, எதுவும் மோசமில்லை. ‘கிளீனர்’ என்ற சொல் பெயரில் இருந்தால் உள்ளே கரைப்பானோ நுண்ணிய தேய்ப்பானோ இருக்கும். அழுக்கான பழைய காருக்கு அது நல்லது, புதுக் காருக்குத் தேவையில்லை. ‘இரண்டு வருட உத்தரவாதம்’ என்று ஒரு ஸ்பிரே பாட்டில் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். அளவும் கவனியுங்கள்: ஒரு காருக்கு 30 மில்லிக்கு மேல் தேவைப்படாது. அரை லிட்டர் பாட்டில் வாங்கினால் பல வருடம் அலமாரியில் கிடக்கும்.

சீலன்ட் போட்டால் கீறல் மறையுமா?

மறையாது. நம் ஊரில் எல்லாவற்றையும் ‘பாலிஷ்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் வரும் குழப்பம் இது. பாலிஷ், ரப்பிங் என்பவை கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பவை. சீலன்ட் மேலே சேர்ப்பது. நகம் மாட்டாத மெல்லிய சுழல் கோடுகள் பாலிஷில் போகும், நகம் மாட்டினால் போகாது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ‘ரப்பிங் போட்டிருக்கோம் சார்’ என்கிற இடத்தை மாற்றுங்கள். இருப்பதே 50 மைக்ரான், அதில் எத்தனை முறை சுரண்டுவது?

போடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முக்கால்வாசி வேலை இங்கேதான். சீலன்ட் அழுக்கில் ஒட்டாது. ஒட்டினாலும் அழுக்கோடு சேர்ந்து போய்விடும்.

முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மணலையும் புழுதியையும் இறக்குங்கள், துணி படுவதற்கு முன்பே. அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே கழுவிக்கொண்டே, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூ வாளிக்குள் விட வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் தேய்க்கும் திரவத்தை வழக்கமாகப் பயன்படுத்தக் கூடாது. பழைய வாக்ஸை நீக்குவதற்காக இந்த ஒருமுறை என்றால் பரவாயில்லை.

காய்ந்ததும் ஒரு சோதனை. மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானெட்டை லேசாகத் தடவுங்கள். வெறும் கையில் வழவழப்பாகத் தெரிந்த இடம் பைக்குள் இருந்து தடவினால் ரவை கொட்டியதுபோல் நெருடும். அவை கழுவினால் போகாத துகள்கள்: பிரேக் தூள், தார்த் துளி, பெயின்ட் தூசு. தாம்பரம், குரோம்பேட்டை மாதிரி ரயில் நிலையத்தை ஒட்டி தினமும் நிறுத்துகிறவர்களுக்குத் தண்டவாளத்தின் இரும்புத் தூளும் சேரும். வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும். இரும்பைக் கரைக்கும் திரவம் தெளித்தால் அந்தப் புள்ளிகள் கத்தரிப்பூ நிறத்தில் வழிவதைப் பார்க்கலாம். நாற்றம் மட்டும் தாங்காது, வீட்டுக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மிச்சத்துக்குக் ‘கிளே பார்’ என்று கார் பெயின்ட்டுக்கென்றே விற்கும் களிமண் கட்டி: ஷாம்பூத் தண்ணீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல், நேர்கோட்டில் வழுக்கவிட வேண்டும். கட்டி கீழே விழுந்தால் குப்பைத் தொட்டிதான். ‘ஐநூறு ரூபாயாச்சே’ என்று எடுத்து மறுபடி தேய்த்தால் தரையில் இருந்த மணல் பெயின்ட்டில் கோலம் போடும். நான் போட்டிருக்கிறேன், டிக்கி மூடியில் இன்னும் இருக்கிறது.

கடைசியாக, பத்துப் பதினைந்து சதவீதமாக நீர்த்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. எண்ணெய்ப் பசை போய் பெயின்ட் வெறுமையாக நிற்கும்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். பரவாயில்லையா?

கழுவலாம். காயவிடக் கூடாது. போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் அதிகம். துளி காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு வட்டமாக உட்கார்ந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சீலன்ட் போட்ட காரில் தண்ணீர் முத்துமுத்தாக நிற்பதால் இந்த வட்டங்கள் இன்னும் தெளிவாக விழும். ‘சீலன்ட் போட்டபிறகுதான் கறை வருது’ என்று சிலர் புகார் சொல்வது இதனால்தான். வெயில் ஏறுவதற்குள் கழுவி உடனே துடைத்துவிட்டால் வராது. புதிதாக விழுந்த கறைக்கு வெள்ளை வினிகரைச் சரிபாதி தண்ணீரில் கலந்து ஒற்றி எடுத்துக் கழுவுங்கள். அந்த இடத்தில் சீலன்ட்டும் கொஞ்சம் பலவீனமாகும், பிறகு திரும்பத் தடவிக்கொள்ள வேண்டும்.

ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. எண்ணம் நல்லதுதான், ஆனால் அது நல்ல தண்ணீர் பிரிந்தபின் உப்பெல்லாம் செறிந்து நிற்கும் தண்ணீர். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். காருக்கு வேண்டுமானால் ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பே கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு இரவுக்கு ஒரு வாளி தேறும். துணியால் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு ஊற்றினால் கறை பயம் இல்லை.

சரி, எப்படிப் பூசுவது?

நிழலில், கார் குளிர்ந்திருக்கும்போது. புறங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. அதிகாலையில் பனி ஈரம் பானெட்டில் இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள்.

நுரைப்பஞ்சில் பட்டாணி அளவு மூன்று நான்கு சொட்டு. ஒரு கதவு, அல்லது பாதி பானெட்; அதற்கு மேல் ஒரு தடவையில் எடுக்காதீர்கள். வட்டமோ கோடோ, பண்டிதர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்; சீராகப் பரவினால் போதும். மெல்லியதாக, ‘இருக்கிறதா இல்லையா’ என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லியதாக. தோசைக்கு எண்ணெய் ஊற்றுகிற கை ஆகாது, கல்லில் வெங்காயத்தால் தடவுகிற கை வேண்டும்.

லேபிளில் சொன்ன நேரம் விட்டு, விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஈஷாமல் சுத்தமாக வந்தால் துடைக்கலாம். மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, ஒரு பக்கத்தால் எடுத்து, திருப்பி மறுபக்கத்தால் மெருகேற்றுங்கள். அப்புறம் 12 முதல் 24 மணி நேரம் தண்ணீர் படாமல் இருந்தால் நன்றாக இறுகும். பாட்டிலில் வேறு நேரம் போட்டிருந்தால் அதுவே சட்டம்.

துடைத்த பிறகும் எண்ணெய் பூசியதுபோல் திட்டுத் திட்டாக இருக்கிறதே?

அதிகம் பூசிவிட்டீர்கள். கடலோரப் புழுக்கத்தில் இது இன்னும் படுத்தும். காய வேண்டியது காயாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்த துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. போகாவிட்டால் மறுநாள் வந்து துடைத்துப் பாருங்கள்.

இரண்டு கோட் போட்டால் இரண்டு மடங்கு நிற்குமா?

நிற்காது. இரண்டாவது கோட் முதலில் விட்டுப்போன இடங்களைப் பிடிக்கும், அவ்வளவுதான். மேலே வாக்ஸ் போட விரும்பினால் சீலன்ட் இறுகிய மறுநாள் போடலாம். வரிசையை மாற்றினால் சீலன்ட் மெழுகின் மேல் உட்கார்ந்து நழுவிவிடும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை?

பாட்டில் ஆறு மாதம் என்றால் வெயிலில் நிற்கும் காருக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், மூடிய நிறுத்தத்தில் இருந்தால் ஐந்து. நான் காலண்டரை வைத்துச் செய்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசியில் ஒன்று. மழை விட்டு, பொங்கல் முடிந்த ஞாயிறு ஒன்று. அக்னி நட்சத்திரத்துக்கு முன் ஏப்ரலில் ஒன்று. சந்தேகம் இருந்தால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: உருண்டு ஓடினால் இருக்கிறது, சோம்பேறித்தனமாகப் படர்ந்து நின்றால் போய்விட்டது. கழுவாத காரில் இந்தச் சோதனை செய்யாதீர்கள், புழுதியும் தண்ணீரைப் படரவிடும்.

காக்கை எச்சம் பட்டாலும் ஒன்றும் ஆகாதா?

ஆகும், தாமதமாக ஆகும். எச்சத்தில் அமிலம் உண்டு. அதோடு வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது, எச்சம் காய்ந்து கல்லாகிறது, இரவில் பெயின்ட் குளிர்ந்து அதைச் சுற்றிச் சுருங்குகிறது. அந்த அச்சு பிறகு கழுவினாலும் போகாது. சீலன்ட் உங்களுக்குச் சில மணி நேரம் அவகாசம் வாங்கித் தரும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத் துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போர்த்தி வைத்து, ஊறியதும் ஒற்றி எடுங்கள். மாமரம் பூக்கும் மாதங்களில் அதன் கீழ் நிறுத்தினால் தத்துப்பூச்சிகள் பொழியும் தேன்பிசின் வேறு, அதையும் இப்படியே.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று சொல்ல வருகிறீர்களா?

எங்கள் அம்மாவிடம் போய் நான் அதைச் சொல்ல முடியுமா? வையுங்கள். வெள்ளைக் காரில் குங்குமமும் மஞ்சளும் நாள்கணக்கில் கிடந்தால் சாயம் ஏறும். காய்ந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்தால் கோடு விழும். கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. பானெட்டில்தான் என்றால் மறுநாள் ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள். பூஜைக்கு இரண்டு வாரம் முன்பே செப்டம்பர் சீலன்ட் முடித்துவிடுவதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்.

தினமும் துடைக்க ஆள் வைத்திருக்கிறேன். பிறகு ஏன் என் கார் மங்குகிறது?

அதனால்தான் மங்குகிறது. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, காலையில் பத்துக் கார். முதல் காரின் மணல் ஐந்தாவது காரில், ஐந்தாவதன் மணல் பத்தாவதில். புழுதி படிந்த பெயின்ட்டை ஈரத் துணியால் இழுப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குத் தம்பி. இரவில் தெருவிளக்கின் கீழே நின்று பானெட்டைப் பாருங்கள், விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் கோடுகள் தெரியும். அவை எல்லாம் அந்தத் துணியின் கையெழுத்து. எந்த சீலன்ட்டும் தினசரித் தேய்ப்புக்கு முன் இரண்டு மாதம் தாங்காது.

துடைக்கிற அண்ணன் மேல் குற்றமில்லை. துடைக்காவிட்டால் ‘ஏன் தூசியா இருக்கு’ என்று நாம்தான் கேட்கிறோம். நான் அவருக்கு அதே சம்பளம் கொடுத்து, தினமும் கண்ணாடிகளை மட்டும் துடைக்கச் சொன்னேன். வாரம் ஒருநாள் என் இரண்டு வாளியில் நன்றாகக் கழுவுவார். முதலில் என்னை ஒருமாதிரி பார்த்தார். இப்போது மூன்றாவது மாடிக்காரரின் காருக்கும் அவரே இரண்டு வாளி கேட்டு வாங்கியிருக்கிறார். கார் கவர் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்: புழுதி மேல் கவரை இழுத்தால் கவரும் ஒரு பெரிய அழுக்குத் துணி.

மைக்ரோஃபைபர் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், மணத்துக்காக ஊற்றும் சாஃப்ட்னரும் வேண்டாம், இழைகளை அடைத்துவிடும்.

கடற்கரைப் பக்கம் வீடு. துருப் பிடிக்காமல் இருக்குமா?

பெயின்ட் முழுதாக இருக்கும் இடத்தில் துரு வருவதே அபூர்வம். வருவது கல்லடி பட்ட பொத்தல், கதவின் கீழ் மடிப்பு, அடிப்பாகம் இவற்றில். அங்கே சீலன்ட்டுக்கு வேலை இல்லை. கல்லடிக்கு டச்-அப் பெயின்ட் வையுங்கள், அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி அலசுங்கள்.

மேட் பெயின்ட்? கண்ணாடி? கறுப்பு பிளாஸ்டிக்?

மேட் பெயின்ட்டுக்கு அதற்கென்று விற்பது மட்டும். மற்றது போட்டால் இங்கொன்று அங்கொன்றாகப் பளபளக்கும். முன்கண்ணாடியில் சில சீலன்ட் பட்டால் வைப்பர் கத்தும், அதற்குத் தனிப் பொருள் இருக்கிறது. சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும், பூசுவதற்கு முன் டேப் ஒட்டிவிடுங்கள்.

ஸ்கூட்டருக்கும் போடலாமா?

தாராளமாக. மிச்சம் இருக்கும் திரவத்தை முடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. சீட்டில் மட்டும் வேண்டாம், பின்னால் உட்கார்ந்தவர் முதல் பிரேக்கிலேயே உங்கள் முதுகில் வந்து மோதுவார். ஸ்பிரே பாட்டிலை டயர், பிரேக் டிஸ்க் பக்கம் கொண்டே போகாதீர்கள். துணியில் தெளித்துத் துடையுங்கள்.